சகலையின் அளவில் ஒரு கவசம்

ஜனவரி 1, திங்கள்

சாந்தாமணியின் யோகா வகுப்பில் புதிதாக ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அன்றன்றைக்கு நன்றி சொல்லத் தகுந்த ஒன்றை எழுதி வைக்க வேண்டுமாம். டைரி ஒன்றை வாங்கி வந்து என் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. எம்.டெக்., தங்கப் பதக்கம். நன்றி சொல்ல எனக்கு யோகா டீச்சர் கற்றுக்கொடுக்கிறாள்.

இன்றைய நன்றி: புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வீட்டுக்கு யாரும் வரவில்லை.

ஜனவரி 3, புதன்

யோஸ்ட் ஆர்டரை உறுதி செய்துவிட்டார். பெல்ஜியத்தில், அன்ட்வெர்ப் நகரத்தில், ஜப்பானிய வில்வித்தை கற்றுத்தருபவர். இதுவரை நான் செய்து அனுப்பியவை தலைக்கவசங்களும் முகமூடிகளும்தான். இது பழைய ஜப்பானியப் போர்வீரனின் முழுக் கவசம். தோள், மார்பு, கை, தொடை, கணுக்கால் வரை எல்லாம். செப்டம்பரில் அவர்கள் ஊர் விழாவில் அணிந்துகொண்டு, பாயில் மண்டியிட்டு உட்கார்ந்து அம்பு விட வேண்டும். "சுவரோரம் நிறுத்தி வைக்க எனக்குக் கவசம் வேண்டாம். உட்கார வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்.

பம்ப் கம்பெனியில் எனக்கு வரவேண்டிய நாற்காலியை, நான் அச்சு வரையக் கற்றுக்கொடுத்த சுதாகருக்குக் கொடுத்தார்கள். அன்றே ராஜினாமா செய்தேன். பதினொரு வருடமாகக் கணபதிப் பகுதியில் வீட்டுக்குப் பின்னால் இந்தத் தகரக் கொட்டகைதான் என் கம்பெனி. யோஸ்டின் கவசம் சரியாக வந்தால் அவருடைய பயிற்சிக் கூடத்தில் மற்றவர்களும் கேட்பார்கள். வராவிட்டால் மறுபடியும் ஆட்டோ பாகங்களுக்கு அச்சு வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்றைய நன்றி: யோஸ்ட் ஒரு பக்கம் நிறைய உடலளவுகளை அனுப்பியிருக்கிறார். கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

ஜனவரி 7, ஞாயிறு

என்னிடம் இருக்கும் வரைபடங்கள் ஒரு பழைய கவசத்தினுடையவை. அதை அணிந்தவன் ஐந்தடி இரண்டு அங்குலம்தான் இருந்திருப்பான். யோஸ்ட் ஆறடி இரண்டு அங்குலம், அதற்கேற்ற பருமன். பள்ளிக்கூடக் கணக்குத்தானே என்று எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெருக்கி, அட்டையில் வெட்டி, கயிறு கோத்துத் தொங்கவிட்டேன். சாந்தாமணி காபி கொண்டு வந்தவள் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, நோம்பிக்குக் கட்டி வெக்கற பூதமாட்டம் இருக்குது?"

கோபம் வந்தது. அவள் போன பிறகு பார்த்தால் பூதம்தான்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் கவசம் ஒரே தகடு அல்ல. குறுகலான பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கயிற்றால் கோத்தது. ஆளைப் பெருக்கலாம், கயிற்றைப் பெருக்க முடியாது. முடிச்சுப் போடும் விரல் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே தடிமன். பட்டையை அகலமாக்கினால் கயிறுகளுக்கு நடுவே வெறுமை விழுகிறது. கண் அதைப் பார்த்ததும் 'பொம்மை' என்று சொல்லிவிடுகிறது. ஆள் பெரியவன் என்றால் பட்டையைப் பெரிதாக்கக் கூடாது. இன்னொரு பட்டை சேர்க்க வேண்டும்.

இதற்கு மேல் காகிதத்தில் போக முடியாது. யோஸ்ட் அளவில் ஓர் ஆள் வேண்டும். சாந்தாமணி சொன்னாள்: "நம்ம கலா ஊட்டுக்காரரு இருக்கறாரல்ல. அளந்து செஞ்சாப்பல இருப்பாரு."

கலாமணி அவளுடைய தங்கை. அவள் கணவன் நாச்சிமுத்து என் சகலை. சூலூரில் லாரி எடைமேடை வைத்திருக்கிறான். நான் ராஜினாமா கொடுத்த மறுவாரம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், முதலாளி வீட்டு வாசலில் போய் நின்று, "ஏதோ கோவத்துல எழுதிக் குடுத்துட்டாருங்க, நீங்கதான் மனசு வெக்கோணும்" என்று கெஞ்சியவன். சுதாகர் சொல்லித்தான் எனக்கே தெரியும். சுதாகர் சொல்லி! "உங்களை யார் கேட்டது? என்னை என்ன வக்கற்றவன் என்று நினைத்தீர்களா?" என்று தெருவில் வைத்துக் கத்தினேன். அதோடு பேச்சு நின்றது.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்றைய நன்றி: அட்டை மலிவு.

ஜனவரி 14, ஞாயிறு, போகி

என்னைக் கேட்காமலே போன் செய்து வரவழைத்திருக்கிறாள். குளித்துவிட்டு வருகிறேன், கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நாச்சிமுத்து நிற்கிறான்.

"வாங்க சகல" என்கிறான், என் வீட்டில் வைத்து என்னையே.

நான் சாந்தாமணியிடம், "கையை விரிக்கச் சொல்" என்றேன்.

"கைய விரிக்கச் சொல்றாருங்க தம்பி."

"காதுல உளுந்துச்சுங் அக்கா. விரிச்சுத்தான வெச்சிருக்கறன்."

மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவர அவனை ஏறக்குறையக் கட்டிப்பிடிக்க வேண்டியிருந்தது. பதினொரு வருடமாகப் பேசாதவனின் முதுகுக்குப் பின்னால் என் இரண்டு கைகளும் சந்திக்க முயன்று தோற்றன. சாந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்திருப்பாள்.

இடுப்பெலும்பின் மேல்முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். கவசத்தின் பாரம் தோளில் தொங்கக் கூடாது, அங்கேதான் உட்கார வேண்டும். விரலால் அழுத்தித் தேடினேன்.

"தேடுங்க தேடுங்க. நானே கடேசியா அதப் பாத்தது கல்யாணத்தன்னிக்குத்தான்."

யோஸ்டின் தாளோடு ஒப்பிட்டேன். உயரம், மார்பு, தொடை, கெண்டைக்கால், எல்லாம் ஒரு விரல்கடை வித்தியாசத்துக்குள் இருக்கின்றன. எங்கோ பெல்ஜியத்தில் ஒருவன், இங்கே சூலூரில் ஒருவன். கடவுளுக்கும் அச்சுகள் குறைவு போலிருக்கிறது.

பத்து இட்லி தின்றுவிட்டுப் போனான்.

இன்றைய நன்றி: நேரடியாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

மார்புக் கவசத்தை அட்டையில் முடித்து நாச்சிமுத்துவுக்குக் கட்டினேன். நின்றபோது கம்பீரமாக இருந்தது. எனக்கே பெருமையாகிவிட்டது. மண்டியிட்டு உட்காரச் சொன்னேன், நேரடியாகவே. மத்தியஸ்தர் அடுப்பைப் பார்க்கப் போயிருந்தாள்.

உட்கார்ந்தான். வயிறு தொடையில் படிந்தது. கவசம் ஏறிக்கொண்டே போய் அவன் தாடையில் முட்டி நின்றது. தலை வானத்தைப் பார்த்துவிட்டது.

"சகல," என்றான் பல்லைக் கடித்தபடி, "நான் பேசறது புடிக்காட்டி வாயில சொல்லுங்க. இப்படி மிசினு செஞ்சு மூடோணுமா?"

சிரித்துவிட்டேன். தவிர்க்க முடியவில்லை.

தவறு என்னுடையது. நிற்கிற ஆளை அளந்தேன். உயரமான ஆளின் உயரம் பெரும்பாலும் காலில் இருக்கிறது. உட்கார்ந்தால் அவனும் குள்ளனும் ஏறக்குறைய ஒன்று. மார்பில் நான் கூட்டிய பட்டை அங்கே இருக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பாவாடைபோல் தொங்கும் பட்டைகளில் சேர வேண்டும். அவனை உட்காரவைத்தே அக்குளிலிருந்து இடுப்பெலும்பு வரை மறுபடி அளந்தேன். பொறுமையாக உட்கார்ந்திருந்தான்.

இன்றைய நன்றி: தகட்டில் வெட்டுவதற்கு முன்பே தெரிந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

தொடைக் கவசத்தின் அட்டை மாதிரி, ஜனவரி அளவில் வெட்டியது, நாச்சிமுத்துவுக்குத் தளர்வாக இருக்கிறது. அளந்தேன். தொடை குறைவு. கையும் குறைவு. நான் தவறாக அளந்திருக்க மாட்டேன். துணி டேப் பழையது, நீண்டிருக்கும். நீண்ட டேப் எப்போதும் குறைத்தே காட்டும்.

"புது டேப் வாங்கிக்கலாமுங்க, எடைமேடைல நாங்க வருசாவருசம் முத்திரை போடறமல்ல" என்று எனக்கு அளவியல் சொல்லித்தருகிறான்.

இன்றைய நன்றி: சீக்கிரம் கிளம்பிவிட்டான். களைப்பாக இருக்கிறதாம். லாரிக்காரன் எடை வைக்கிறான், இவனுக்கு என்ன களைப்பு?

பிப்ரவரி 13, செவ்வாய்

ஒப்பணக்காரத் தெருவில் புது டேப் வாங்கி, எஃகு அளவுகோலில் வைத்து, பழையதோடு ஒப்பிட்டேன். பழைய டேப் ஒரு நூல்கூட நீளவில்லை. தவிர, அது நீண்டிருந்தால் வயிறும் குறைந்து காட்டியிருக்க வேண்டும். வயிறு அப்படியேதான் இருக்கிறது.

புரியவில்லை. எனக்குப் புரியாதவை குறைவு. அதனால் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

மார்புக் கவசம் தகட்டில் முடிந்தது. திருப்பூர் நாடா மில்லிலிருந்து கருநீலக் கயிறு வந்திருக்கிறது, நல்ல கயிறு. மார்பு நாச்சிமுத்துவுக்குச் சரியாகப் பொருந்தியது. உட்கார்ந்தான், எழுந்தான், தாடை தப்பியது. மூன்றாம் முறை எழும்போது கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டான். முக்காலி கேட்டான்.

சாந்தாமணி அவனுக்காகவே அரிசியும்பருப்பும் சோறு ஆக்கி நெய் ஊற்றி வைத்திருந்தாள். பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவினான்.

"என்னங்க தம்பி, நல்லால்லீங்களா?"

"நல்லாருக்குதுங் அக்கா. வகுறு ஒரு மாதிரி இருக்குது."

நடுவில் இரண்டு முறை கழிவறைக்குப் போய் வந்தான். பணம் வந்தவனுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாடு இளக்காரம். வேறென்ன.

இன்றைய நன்றி: கயிறு.

மார்ச் 24, ஞாயிறு

முழங்காலுக்குக் கீழே கட்டும் கவசம். ஜனவரியில் அட்டை வைத்துப் பார்த்தபோது, கெண்டைக்காலுக்குப் பின்னால் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருந்தது. அதுதான் முறை, கட்டுகிற நாடாவுக்கு இடம் வேண்டும். இன்று ஓரங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன.

"காலைல நடக்கறனுங்க சகல. பேண்டெல்லாம் லூசாயிருச்சு. கலாமணியே மாப்ளையாட்டம் ஆயிட்டீங்கங்கறா."

அப்படியானால் யோஸ்டின் தாளும் ஜனவரி அளவுகளும் ஒன்றாக இருந்தது தற்செயல். அன்ட்வெர்ப் தையற்காரன் கம்பளிக் கால்சட்டையோடு வைத்து அளந்திருப்பான், குளிர் நாடு. நேரில் நிற்கிற உடம்பு இருக்கும்போது காகிதத்தை நான் ஏன் நம்ப வேண்டும்? கம்பெனியில் காகிதத்தை நம்பியவர்கள்தான் முன்னுக்கு வந்தார்கள், அது வேறு கதை.

கை, தொடை, கால் மூன்றையும் இன்றைய அளவில் தகட்டில் வெட்டப்போகிறேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு, சித்திரை ஒன்று

கால் கவசமும் தொடைக் கவசமும் முடிந்து, கறுப்புப் பூச்சும் காய்ந்தது. படம் எடுத்து யோஸ்டுக்கு அனுப்பினேன். நாச்சிமுத்து இன்று வரவில்லை. உடம்பு அலுப்பாம்.

பாயசம் நன்றாக இருந்தது. அதற்கு நன்றி.

ஏப்ரல் 16, செவ்வாய்

யோஸ்டின் பதில்: மிக அழகு, ஆனால் கால் பகுதி தன்னுடையதைவிட மெலிதாகத் தெரிகிறதே, தன் கண்ணின் தவறாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்.

கண்ணின் தவறுதான். உயிரோடு இருக்கிற காலை அளந்து வெட்டியது என்று எழுதி அனுப்பினேன். கொஞ்சம் காரமாகவே.

ஏப்ரல் 28, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

நாச்சிமுத்து வந்தான். கால் கவசத்தைக் கட்டினேன். இறங்கிவிட்டது. இறுக்கிக் கட்டினேன், மறுபடி பாதத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஐந்து வாரத்துக்கு முன் இதே காலில் அளந்து வெட்டிய தகடு. அட்டையைக் குறை சொல்லலாம், டேப்பைக் குறை சொல்லலாம். இரும்பு ஐந்து வாரத்தில் வளராது.

தொடை, தளர்வு. மேல்கை, என் கையையும் சேர்த்து உள்ளே விடலாம். பிறகு மார்பைக் கட்டினேன். தோளில் ஆடுகிறது, ஆனால் அடிவயிற்றில் முன்பைவிட இறுக்கம். மார்ச்சில் எட்டிய கொக்கி எட்டவில்லை.

விகிதம். நான்கு மாதமாக இதைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறேன்? ஓர் உடம்பு இளைத்தால் எல்லாம் சேர்ந்து இளைக்கும், வயிறுதான் முதலில் கரையும். இங்கே கை, கால், தோள் கரைகின்றன, வயிறு மட்டும் நிற்கிறது. முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க நாச்சிமுத்து."

"என்னங்க, மறுக்காவும் தாடை இடிக்குமா?"

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படிங்க?"

"நடந்தா முதல்ல வயிறுதான் குறையும். கெண்டைக்கால் கெட்டிப்படும். உங்களுக்கு எல்லாம் தலைகீழா நடக்குது. எடை பாத்தீங்களா?"

"நம்ம மேடைல ஏறி நின்னனுங்க. அது இருவது இருவது கிலோவாத்தான் காட்டும். லாரிக்குச் செஞ்சதல்லீங்களா?" சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். "அக்கா உள்ள இருக்குதா?"

"சமையல்கட்டுல."

"வெளிய போறப்ப ரத்தம் போகுதுங்க சகல. பொங்கலுக்கு அப்பறம் இருந்து. மூலம்னுட்டு லேகியம் திங்கறன். வகுறு கல்லாட்டம் இருக்குது, சோறு எறங்கறதில்ல."

"டாக்டர்?"

"ஆனில புள்ளைக்கு நிச்சயம் வெச்சிருக்குது. இப்பப் போயி அவரு ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி, அது மாப்ள ஊட்டுக்குத் தெரிஞ்சு... வேண்டாமுங்க. நிச்சயம் முடியட்டும். அதுவரைக்கும் கலாமணிக்கிட்டக்கூட மூச்சு உட்றாதீங்க. உங்களக் கையெடுத்துக் கும்படறன்."

கையெடுத்துக் கும்பிட்டான். கையில் என் தகடு கட்டியிருந்தது, சலசலத்தது.

சரி என்று தலையாட்டினேன்.

ஏப்ரல் 29, திங்கள்

அவன் எடைமேடையில் இருக்கும் நேரம் பார்த்துச் சூலூர் வீட்டுக்குப் போனேன். கலாமணி கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா! இத்தன வருசங் கழிச்சு வாறீங்க. உள்ள வாங்க, மொதல்ல உக்காருங்க. காபி..."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் மென்மையைச் சேர்த்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இளைச்சா நல்லதுன்னு நானே சந்தோசப்பட்டனே மாமா" என்றாள். காபி போடச் சொன்னேன். குடித்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

காலையில் போன். எடுத்ததும் நாச்சிமுத்துவின் சத்தம்.

"உங்கள யாருங் கேட்டா? ஏனுங், யாரு கேட்டா? உங்கள நம்பிச் சொன்னனே, நேரா ஊட்டுக்குப் போயி ஒப்பாரி வெக்க உட்டுட்டு வந்திருக்கறீங்க. என்னைய என்ன, வக்கத்தவன்னு நெனச்சுட்டீங்களா?"

இந்த வார்த்தைகள் எனக்குத் தெரியும். அன்று தெருவில் நான் கத்தியபோது அவன் பதில் பேசாமல் நின்றான். எதற்கு நிற்கிறான், சொரணை இல்லையா என்று நினைத்தேன். இன்று போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் அப்படியே நின்றேன்.

அவன் வைத்துவிட்டான். கலாமணி அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அது போதும். இன்னும் பதினொரு வருடம் பேசாமல் இருக்கட்டும். இருந்தால் சரி.

மே 4, சனி

பெருங்குடலில் கட்டி. அறுத்துப் பார்த்தால்தான் எதுவரை போயிருக்கிறது என்று தெரியுமாம். பதினான்காம் தேதி அறுவை. சாந்தாமணி அழுதாள். நான் கொட்டகைக்கு வந்து தகட்டைத் தட்டினேன், எந்தத் தகட்டை எதற்கு என்று தெரியாமல்.

நிச்சயத்தை மாப்பிள்ளை வீட்டாரே தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்களாம். "மொதல்ல சம்பந்தி எந்திரிச்சு வரட்டும்" என்றாராம் பையனின் அப்பா. மனிதர்களைப் பற்றி நல்லதாக எழுத எனக்குக் கை வராது. இதை எழுதிவிட்டேன்.

மே 10, வெள்ளி

யோஸ்டுக்கு உண்மையை எழுதினேன். கை, தொடை, கால் மூன்றும் உங்கள் அளவல்ல, நோயில் கரைந்துகொண்டிருந்த ஒருவரின் அளவு. உங்கள் தாள் சரி, நான் அதை நம்பவில்லை. மறுபடி வெட்ட வேண்டும், செப்டம்பருக்குள் வருமா என்று உறுதி சொல்ல முடியாது. வேறொருவரிடம் கொடுப்பதானால் கொடுங்கள்.

கம்பெனியில் முப்பது பேருக்கு மேல் அதிகாரியாக இருந்தவன், இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை.

மே 11, சனி

யோஸ்டின் பதிலில் கவசத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 'அவர் எப்படி இருக்கிறார்? அவர் பெயர் என்ன?' அவ்வளவுதான்.

மே 14, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே போய்விட்டோம். நாச்சிமுத்து என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் வராந்தாவில் நின்றேன். பச்சைச் சட்டை போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். அந்தச் சட்டைக்குள் அவன் எவ்வளவு குறைவாக இருந்தான் என்பதை அளக்காமலே பார்த்தேன்.

கதவருகே வண்டியை நிறுத்தச் சொன்னான். "சகல இருக்கறாருங்களா?"

போனேன்.

"அந்த பெல்ஜியத்துக்காரருக்கு அளவு தப்பாப் போயிருக்குமே. என்னாலதான?"

"மறுபடி வெட்டிட்டு இருக்கேன்."

"தகடு எத்தனை வேஸ்ட்டு?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

"இன்னும் கோவந்தானுங்க உங்க மேல" என்றான்.

"தெரியும்."

"செரி, அது இருக்கட்டும்." கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன். வண்டியைத் தள்ளுகிற பெண், "சார், கைய உடுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, முழுதாக எடுத்துவிட்டோம் என்றார்.

மே 24, வெள்ளி

பரிசோதனை முடிவு வந்தது. குடலின் சுவரைத் தாண்டவில்லை. நிணநீர்க் கணுக்கள் எதிலும் இல்லை. மருந்து ஏற்றத் தேவையில்லை, தொடர்ந்து பார்த்துக்கொண்டு வந்தால் போதும் என்றார் டாக்டர். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் வேறு கதை என்றும் சொன்னார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நிறையப் பேர் இந்த நிலையில வர்றதில்லை."

கலாமணி என்னைக் காட்டினாள். "மாமா இரும்புச் சட்டை தெக்கறாருங்க. அது லூசாப் போச்சுங்க."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்க வேண்டும்போல் இருந்தது, பட்டையின் எண்ணிக்கை, இடுப்பெலும்பு, எல்லாவற்றையும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வரும் வழியில் ராஜினாமாவை நினைத்தேன். அன்று நாற்காலி எனக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கொட்டகை இல்லை. சுதாகருக்கு நன்றி சொல்லும் அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. ஆனால் அவனை நினைத்தபோது வழக்கமான எரிச்சல் வரவில்லை.

ஜூன் 20, வியாழன்

தவறான அளவில் வெட்டிய கை, தொடை, கால் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். "நல்ல வேலப்பாடா இருக்குதுங்க, அப்படியே வெச்சுக்கலாமே" என்றார் கடைக்காரர். உருக்கிவிடுங்கள் என்றேன். அந்த அளவில் எதுவும் இந்த உலகத்தில் இருக்க வேண்டாம்.

புதியவை யோஸ்டின் தாளின்படி. அளவு பார்க்க ஆளில்லை. அவரைக் காலில் அட்டையைக் கட்டிப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்று விரல் இடைவெளி, சுத்தமாக.

ஜூலை 12, வெள்ளி

கவசம் பெட்டியில் ஏறியது. கடைசி முடிச்சைச் சாந்தாமணி போட்டாள். அவள் விரல் என்னுடையதைவிட மெலிது, முடிச்சு அழகாக விழுந்தது. முன்பே அவளிடம் கொடுத்திருக்கலாம். முன்பே கேட்டிருந்தால் செய்திருப்பாள், நான்தான் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

யோஸ்ட் வீடியோ அனுப்பியிருக்கிறார். சதுக்கத்தில் கூட்டம், நடுவில் ஒரு பாய். கருநீலக் கயிறு வெயிலில் நன்றாகத் தெரிகிறது. நடந்து வந்தார், மண்டியிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தாடை அசையாமல் இருந்தது. இடுப்புப் பட்டைகள் தொடைமேல் விசிறிபோல் படிந்தன. அம்பு எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. அவர் எழுந்ததைத்தான் பார்த்தேன். தூண் எதையும் பிடிக்காமல் எழுந்தார்.

அவருடைய கூடத்திலிருந்து இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் பெண், ஐந்தடிதான். பட்டையைக் குறைக்க வேண்டும்.

வீடியோவை நாச்சிமுத்துவுக்கு அனுப்பினேன். "நம்மளவிட அவருக்கு எடுப்பாத்தான் இருக்குது, போவுட்டும்" என்று பேசிப் பதிவு செய்து அனுப்பியிருக்கிறான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நிச்சயத்துக்கு ஐப்பசியில் நாள் குறித்துவிட்டார்கள். நாச்சிமுத்துவும் கலாமணியும் அழைக்க வந்தார்கள். அவன் முகத்தில் ரத்தம் ஏறியிருக்கிறது. மூன்று தோசை தின்று நான்காவதைக் கேட்டான். "மெதுவாங்க" என்றாள் கலாமணி. "அக்கா ஊடு, கணக்கெல்லாம் பாக்காத" என்றான்.

பெண்கள் இருவரும் புடவை பார்க்க கிராஸ்கட் ரோட்டுக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு அலைச்சல் கூடாது. கொட்டகையில் வந்து உட்கார்ந்து, இந்த வேலையை நான் எப்படிச் செய்ய வேண்டும் என்று யோசனை சொன்னான். எல்லாம் தவறான யோசனை. தவறு என்று விளக்கிக்கொண்டிருந்தபோதே பாயில் சாய்ந்து, நான் விளக்கி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான். எப்போதும் இப்படித்தான், மரியாதை தெரியாதவன்.

குறட்டை விடுகிறான். தகரக் கூரை அதிர்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், ஏதோ புது மெஷின் என்று நினைத்திருப்பார்.

அந்த ஐந்தடி பெல்ஜியப் பெண்ணின் தோள் தகடுகள் பட்டடையில் இருக்கின்றன. இன்று தட்டி வளைத்து முடிக்க வேண்டியவை. சுத்தியலைக் கையில் எடுத்தேன். சத்தம் கேட்கும் என்று கீழே வைத்துவிட்டேன். மூன்று மணியாகிறது. இந்த டைரியைத்தான் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.